நாலாயிரத்துப் பதினாறு முறை நலம்

என் மாமனார் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர். இதை அவரே சொல்வார், யாரும் கேட்காமலே சொல்வார். பிறந்தது வீட்டில், அம்மை வந்து இறங்கியது வீட்டில். கால் எலும்பு விரிசல் விட்டபோதுகூட, வேலை பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு மரச்சட்டத்தை வைத்துத் தானே கட்டிக்கொண்டாராம். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். பெண் கேட்டுப் போன அன்று நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் நகர்த்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் பிரிவுதான் மாமா" என்று சொல்லிப் பார்த்தேன். நகர்த்திய நாற்காலி நகர்த்தியபடியே இருந்தது.

அந்த எரிச்சல் எனக்குள் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

என் வேலை இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்ப்பது, மருந்து அலமாரியைத் திறப்பது, ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறப்பது எல்லாமே ஒரு சர்வரில் ஓடும் ஒரே புரோகிராம். அந்த சர்வரை உருவாக்கி, அதற்கு வேண்டிய அமைப்புகளைக் கொடுத்து ஓடவிடுவது நான். மற்ற இடங்களில் ஒரு சர்வரை உருவாக்கினால் வருஷக்கணக்கில் அது பாட்டுக்கு ஓடும். எங்களிடம் அதன் ஆயுள் இரண்டு மணி நேரம். காரணம் சோப்பம்மா.

சோப்பம்மா கிருமித் தடுப்புப் பிரிவின் தலைமை நர்ஸ். இயக்குநர்கூட அவர் வரும் சத்தம் கேட்டால் கையைக் கழுவப் போய்விடுவார். ஒரு கூட்டத்தில் நான் பெருமையாக, "நம்ம சர்வர் மூணு வருஷமா நிக்காம ஓடுது" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"மூணு வருஷமா ஒரே சர்வரா?" என்றார் சோப்பம்மா. "எல்லா வார்டும் அதையேதான் தொடுதா?"

"ஆமாம்மா."

"ஒரு நோயாளிக்கு மேல தொடுற எதுவா இருந்தாலும் கொதிக்க வைக்கணும், இல்லைன்னா தூக்கிப் போடணும்."

"சர்வரைக் கொதிக்க வைக்க முடியாதும்மா."

"அப்ப தூக்கிப் போடுங்க."

அன்றிலிருந்து இரட்டைப்படை மணி அடித்தால் பழைய சர்வர் அழியும், புதியது பிறக்கும். இரண்டு, நான்கு, ஆறு என்று நாளொன்றுக்குப் பன்னிரண்டு. பிறந்த சர்வரில் மனிதக் கை படக் கூடாது என்றும் உத்தரவு. அதனால் உள்ளே நுழைந்து எதையாவது மாற்றும் வழியையே அடைத்துவிட்டோம். எதை மாற்றுவதானாலும் பிறப்பதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறந்ததும் சர்வர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். ஒரு சோதனை நோயாளியைச் சேர்க்கும், ரத்தம் பார்க்கும், ஸ்கேன் எடுக்கும், எல்லாவற்றிலும் 'நலம்' என்று எழுதும், வீட்டுக்கு அனுப்பிவிடும். மொத்தம் பதினோரு செகண்ட். எல்லாம் எழுத்தில்தான். அந்த நோயாளியின் விவரம் அடிப்படை இமேஜில், அதாவது ஒவ்வொரு சர்வரையும் வார்க்கிற அச்சில், நிரந்தரமாக இருக்கும். அதற்கு ஒரு விதியும் உண்டு. சோதனை நோயாளி எந்தக் காலத்திலும் இந்த ஆஸ்பத்திரிக்கு வர வாய்ப்பில்லாதவராக இருக்க வேண்டும். கற்பனையாக ஒரு ஆளை எழுதினால் புரோகிராம் ஏற்றுக்கொள்ளாது, உண்மையான அடையாள எண் கேட்கும். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்த உண்மையான மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். அவர் விவரத்தைத் தட்டும்போது சிரித்தேன்கூட. மறைப்பானேன்.

அதன் பிறகு பதினோரு மாதம் நான் அதை மறந்தே போனேன்.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு மனைவி போன் செய்தாள். "அப்பாவைக் கூட்டிட்டு உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கேன். எமர்ஜென்சியில இருக்கோம். உடனே கீழ வாங்க."

ஓடினேன். மாமா தள்ளுவண்டியில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. குடலிறக்கம். நான்கு வருஷமாக இருந்திருக்கிறது. பழைய தோல் பெல்ட் ஒன்றை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டி, வெளியே வருவதை உள்ளே தள்ளிவைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். இன்று தள்ளியும் போகவில்லை.

"குடல் வெளிய வந்து மாட்டிக்கிச்சு" என்றார் அறுவை டாக்டர். "ஆறு மணிக்குள்ள முடிச்சாகணும். அதுக்கு மேல போனா குடல் அழுக ஆரம்பிச்சிடும். அப்புறம் உயிருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

சேர்க்கைப் பிரிவுப் பெண் மாமாவின் அடையாள எண்ணைத் தட்டினாள். திரை ஓடியது. பதினோரு செகண்டில் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. 'நலம். வீட்டுக்குச் செல்லலாம்.' மறுபடி தட்டினாள். 'நலம்.' அந்த எண்ணை எவர் எப்போது தட்டினாலும் புரோகிராமுக்கு அது சோதனைதான். பதினோரு செகண்டுக்கு மேல் என் மாமனாரை எந்தக் கொம்பனாலும் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியாக வைத்திருக்க முடியாது. நோயாளியாகச் சேராத ஆளுக்கு மருந்து அலமாரி திறக்காது, தியேட்டர் கதவும் திறக்காது.

"சார், இவருக்கு இதுவரைக்கும் நாலாயிரத்துப் பதினாறு தடவை அட்மிஷன் ஆகியிருக்கு" என்றாள் அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி. "எல்லாத்துலயும் நலம்."

வலியில் முனகிக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். "என்னம்மா சொன்னே? அதைப் பேப்பர்ல குடு."

கொடுத்துவிட்டாள், பாவி. கற்றை கற்றையாக அச்சாகி வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். வெளுத்த முகத்தில் ஒரு ஒளி வந்தது.

"டாக்டர், ஒரு லிஃப்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டா போதும், அதுல அம்பது பேர் ஏறலாம். என்னை நாலாயிரம் தடவை பார்த்திருக்காங்க. இப்ப கத்தி வைக்கணும்கறீங்க."

"ஐயா, உங்க வயித்தை நான் தொட்டுப் பார்த்தேன்."

"லிஃப்டுலயும் சத்தம் வரும். சத்தம் வந்தா பழுதுன்னு அர்த்தமா? சர்டிஃபிகேட் என்ன சொல்லுதோ அதுதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற யார் பேர்லயாவது சேர்த்துடுங்களேன்" என்று மனைவி என் காதில் சொன்னாள். டாக்டர் காதில் விழுந்துவிட்டது. ரத்தம் மாறிப் போனால் என்ன ஆகும் என்று அவர் சொன்ன விதத்தில் அவள் அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டாள். யாருக்கும் எதையும் விளக்காமல் நான் மாடிக்கு ஓடினேன். இரண்டு மணி சர்வர் பிறந்து, மாமாவை இன்னொரு முறை சேர்த்து, அனுப்பியும் விட்டிருந்தது. அடுத்தது நான்கு மணி. அதை விட்டால் ஆறு. ஆறு என்பது காலம் கடந்த கணக்கு.

முதலில் அச்சையே மாற்றுவது என்று இமேஜ்காரரிடம் போனேன். அடிப்படை இமேஜைப் பாதுகாப்பது அவர் பொறுப்பு. கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பார், எதையும் செய்ய விடாமல் பாதுகாப்பார்.

"ஒண்ணாம் தேதிதான் புது இமேஜ்" என்றார். "செஞ்சு முடிக்கவே ஏழு மணி நேரம் ஆகும்."

"உயிர் போற அவசரம் சார்."

"அவசரத்துக்குன்னு தனியா ஒரு விண்ணப்பம் இருக்கே. குடுங்க."

"எங்க கிடைக்கும்?"

"ஒண்ணாம் தேதி தருவாங்க."

அடுத்த வழி மேல் ஃபைல். அச்சில் இருப்பதைத் தொடாமல், அதன் மேல் ஒரு ஃபைலை வைத்து, 'அதில் என்ன இருந்தாலும் இதையே எடுத்துக்கொள்' என்று சொல்வது. நல்ல வழிதான். எங்களிடம் ஏற்கெனவே ஐம்பத்திரண்டு மேல் ஃபைல்கள் இருந்தன. ஒன்று ஆறாம் வார்டில் நாற்பது கட்டில் என்னும், அடுத்தது நாற்பத்திரண்டு என்னும், அதற்கடுத்தது முந்தைய இரண்டையும் நம்பாதே என்னும். ஐம்பத்து மூன்றாவதை எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மேல் ஃபைல்களை சர்வர் படிப்பதே சோதனை முடிந்த பிறகு. மாமாவைச் சேர்த்து, நலம் எழுதி, அனுப்பிவைத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக 'ஓ, அவர் இல்லையா' என்று தெரிந்துகொள்ளும்.

சோதனையையே நிறுத்திவிடலாமா என்றால், சோதனை நடக்காத சர்வர் யாருக்குமே தியேட்டரைத் திறக்காது. அதை அப்படி எழுதியதும் நான்தான். என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன், நிஜமாகவே.

மிச்சம் இருந்தது துவக்கப் படிவம் ஒன்றுதான். சர்வர் பிறக்கிற அந்த நிமிஷத்தில் கையில் கொடுக்கிற சீட்டு அது. அதில் எழுதுவதைத்தான் முதலில் படிக்கும், சோதனைக்கும் முன்னால். ஆனால் அதில் என்னென்ன எழுதலாம் என்று ஒரு குழு உட்கார்ந்து ஆறு மாதம் பேசி, மாற்றினால் எவருக்கும் எந்தப் பாதிப்பும் வராத எட்டு விஷயங்களை மட்டும் அனுமதித்திருந்தது. திரையின் நிறம். தேதியை எப்படி எழுதுவது. வரவேற்பு வாசகம். பிரிண்டர் எவ்வளவு சத்தமாகக் கூவலாம். இப்படியே ஏழு உப்புச்சப்பில்லாத சமாசாரங்கள். எட்டாவது, சோதனை நோயாளியுடன் வந்தவர் யார் என்பது. ஒன்றும் எழுதாவிட்டால் 'எவருமில்லை' என்று தானாக விழும்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். கூட ஆள் வராத நோயாளியை அது நேராக அனுப்பிவிடும். ஆள் வந்திருந்தால் அனுப்பாது. வந்தவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகும் வரை நோயாளி சேர்ந்தவராகவே இருப்பார். சோதனையும் தோற்காது, அது பாட்டுக்குக் காத்திருக்கும், சர்வர் மற்ற வேலைகளைப் பார்க்கும். அதாவது அந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் இருந்தால் போதும், என் மாமனார் உள்ளேயே இருப்பார். நாற்காலி கவிழ எழுந்தேன்.

படிவத்துக்கு சோப்பம்மாவின் கையெழுத்து வேண்டும். குழுவில் அவரும் உண்டு. வாங்கிப் படித்தார்.

"உடன் வந்தவர் யாரு?"

"நான்தாம்மா."

"சும்மா பேருக்கு எழுதறீங்களா, நிஜமா வந்திருக்கீங்களா?"

"கீழ எமர்ஜென்சியில இருக்காரும்மா. என் மாமனார்."

"அப்ப இங்க என்ன பண்றீங்க?" என்றார். "போய்ப் பக்கத்துல நில்லுங்க. கையைக் கழுவிட்டு நில்லுங்க." கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

படிவத்தை நான்கு மணிக்கான வரிசையில் ஏற்றிவிட்டு, கீழே வந்தபோது மூன்றரை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாதி வேலையை முடித்துவிட்டேன், இனி மாமாவைச் சம்மதிக்க வைத்தால் போதும் என்று வந்தேன். மாமா முகத்தில் அந்த ஒளி இல்லை. தாள்கள் நெஞ்சின் மேல் கிடந்தன. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை, இந்தக் கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கு? கண்ணு சரியாத் தெரியல."

அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அது தெரியும்.

"உடன் வந்தவர்... எவருமில்லை."

"இதுல?"

"எவருமில்லை."

பக்கத்தைப் புரட்டினார். "இதுல?"

நான் அந்தத் தாளை மடித்துவைத்தேன்.

"நாலாயிரம் தடவை கொண்டு வந்து படுக்க வெச்சிருக்காங்க. ஒரு தடவைகூட யாரும் வரலையா?"

"மாமா, அது நீங்க இல்ல. நீங்க எங்க வந்தீங்க? மெஷின் தன்னைத் தானே சரி பார்த்துக்க ஒரு ஆள் பேர் வேணும். நான்தான் உங்க பேரைக் குடுத்தேன். நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்கன்னு... ஒரு விளையாட்டுக்கு. அந்த 'நலம்' எதுவும் நிஜம் இல்ல மாமா. எவனும் உங்களைப் பார்க்கவே இல்ல."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எவருமில்லைன்னும் நீங்கதான் எழுதினீங்களா?"

"இல்ல மாமா. அது டிஃபால்ட். யாரும் ஒண்ணும் எழுதலைன்னா அதுவா வந்துடும்."

"அப்ப யாரும் ஒண்ணும் எழுதல."

நான் அவர் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். அத்தை போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மட்டும் போவாள், எனக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். நான்கு வருஷமாக அந்த மனிதர் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடமாடியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை நான் அதுவரை பட்டதில்லை.

"வலிக்குதா மாமா?" என்றேன்.

"காலையிலேர்ந்து உயிர் போகுது."

"கையெழுத்துப் போட்டுடுங்க மாமா. நான் கூட இருக்கேன்."

"வாயால சொன்னா? எழுத்துல வரட்டும்."

ஆக, எல்லோரும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டாக்டர், சேர்க்கைப் பெண், மனைவி, கையெல்லாம் சோப்பு வாசனையோடு நான். நான்கு அடித்தது. பழைய சர்வர் போனது. அடுத்ததாக எண்ணி எண்ணிப் பதினோரு செகண்ட் போனது, பிரிண்டர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள். பிறகு அது கூவியது. சத்தத்தை நான்தான் கூட்டி எழுதியிருந்தேன், பதற்றத்தில் எட்டுக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன் போல.

'சேர்க்கப்பட்டார். உடன் வந்தவர்: மருமகன். இவர் கையெழுத்தின்றி வெளியே அனுப்பக் கூடாது.'

மாமா அதை இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மருந்து அலமாரி திறந்தது, தியேட்டர் கதவு திறந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த திரை நிமிஷத்துக்கு ஒரு தரம் என்னைக் கேட்டது. 'உங்கள் நோயாளி நலமாக இருக்கிறார். அழைத்துச் செல்கிறீர்களா?' கீழே பெரிதாக ஒரு பொத்தான். தெரியாத்தனமாக விரல் பட்டால் மாமாவை வயிறு திறந்தபடி வெளியே அனுப்பிவிடும் என்ற பயத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். "குடல் தப்பிச்சது" என்றார். மனைவி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் கையை எடுக்கவில்லை.

நான்காம் நாள் நானே கையெழுத்துப் போட்டு மாமாவை வீட்டுக்கு அழைத்துப்போனேன். விஷயம் அதோடு முடியவில்லை. படிவத்தில் என் பெயர் இருக்கிறது, சர்வர்கள் பிறந்தபடி இருக்கின்றன. பெயரை அழித்தால் மறுபடி 'எவருமில்லை' என்று விழும், அழிக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மாமனாரைச் சேர்த்துவிட்டு என் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். காலையில் வந்ததும் இரவில் சேர்ந்த ஆறு மாமனார்களை வெளியே அனுப்புவதுதான் என் முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வார்டில் கட்டில் மிஞ்சாது. ஒரு தடவை மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன். ஆறாம் வார்டு முழுக்க என் மாமனார்களாகவே இருந்தார்கள். மாமாவோ வாரா வாரம் மனைவியிடம் சொல்லி அந்தப் பட்டியலை அச்சடித்து வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதி இமேஜ்காரர் தானாகவே வந்தார். அவசர விண்ணப்பத்தைக் கொடுத்தார். அச்சிலிருந்து மாமாவின் பெயரை இப்போது எடுத்துவிடலாம் என்றார். மாமாவிடம் கேட்காமல் இன்னொரு முறை அவர் பெயரைத் தொடக் கூடாது என்று தோன்றியது. போன் செய்தேன்.

"எடுக்கணுமா?" என்றார்.

"எடுத்தாதான் மாமா நான் உங்க வீட்டுக்கு வர முடியும். இப்ப ஞாயித்துக்கிழமைகூட உங்களை வெளிய அனுப்பத்தான் வேலைக்குப் போறேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இதுல ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை என்கூட வர்றீங்க மாப்பிள்ளை."

"அது எழுத்துலதானே மாமா. வாரத்துக்கு ஒரு தடவை நிஜமா வரேன்."

மாமா மறுபடி தாளைப் புரட்டும் சத்தம். சர்டிஃபிகேட்டை நம்புவதா, ஆளை நம்புவதா என்று யோசித்திருப்பார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், சட்டென்று விடாது.

"சரி, எடுங்க" என்றார் கடைசியில். "ஆனா நீங்க வரலைன்னா மறுபடி போட்டுடணும்."